கேசட் விழுங்கிய பாட்டு

கேள்வி இதுதான்: 'பிங்க் ஃப்ளாய்டின் இரண்டு மூன்று ஆல்பங்கள் கேட்டிருக்கிறேன், பிடித்திருக்கிறது. 70களின் ப்ராக்ரஸிவ் ராக்கில் உங்களுக்குப் பிடித்த ஆல்பங்கள் எவை? எதிலிருந்து தொடங்கலாம்? இருபது நிமிடப் பாட்டையெல்லாம் எப்படி உட்கார்ந்து கேட்பது?' மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேசட். 1993இல் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன் ஊருக்குப் போய்விட்டு வரும்போது, அவன் அண்ணன் பதிந்து கொடுத்த 90 நிமிட கேசட் ஒன்றைக் கொண்டுவந்தான். பக்கத்துக்கு 45 நிமிடம். ஏ பக்கத்தில் ஜெத்ரோ டல் குழுவின் 'திக் ஆஸ் எ பிரிக்'. மொத்த ஆல்பமும் ஒரே பாட்டு, 44 நிமிடத்துக்குச் சற்றே குறைவு. அளவெடுத்துத் தைத்த மாதிரி பக்கத்துக்குள் அடங்கிவிட்டது. பி பக்கத்தில் ஜெனசிஸ் குழுவின் 'செல்லிங் இங்கிலாந்து பை த பவுண்ட்'. அது 53 நிமிடத்துக்கு மேல். அண்ணன் அதற்கெல்லாம் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை. 'த சினிமா ஷோ' என்ற 11 நிமிடப் பாட்டு தொடங்கி நாலு நிமிடம் ஓடியதும் 'டக்' என்று பட்டன் மேலே எழும்பும். ஆறு வருஷம் அந்தப் பாட்டு எனக்கு அந்த 'டக்'கோடுதான் முடிந்தது. மெல்லிய கிட்டாரும் இரண்டு குரலும் சேர்ந்த ஒரு காதல் பாட்டு என்று நம்பிக்கொண்டிருந்தேன். மீதிக் கதை கடைசியில்.

இந்த இருபது நிமிடக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதுவும் ஒரு பக்கத்தின் கதைதான். வினைல் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நல்ல சத்தத்தோடு 20, 22 நிமிடம்தான் பதிய முடியும். அதைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். ஒலி அமுங்கும், பேஸ் மெலியும். 60களின் பாதி வரை ராக் பாட்டு என்றால் மூன்று நிமிடம், வானொலிக்கு ஏற்ற அளவு. அதற்கப்புறம் ஆல்பத்தையே ஒரே மூச்சில் கேட்கும் பழக்கம் வந்தது. இங்கிலாந்தில் சில இளைஞர்கள், அதில் பாதிப் பேர் தேவாலயப் பாட்டும் பியானோ வகுப்பும் பார்த்து வளர்ந்தவர்கள், 'பக்கம் முழுவதையும் ஒரே பாட்டுக்குக் கொடுத்தால் என்ன?' என்று யோசித்தார்கள். இவர்களின் இசைதான் ப்ராக்ரஸிவ் ராக், சுருக்கமாக ப்ராக். ஜெனசிஸின் 'சப்பர்ஸ் ரெடி', பிங்க் ஃப்ளாய்டின் 'எக்கோஸ்' இரண்டும் 23 நிமிடத்தை ஒட்டி நிற்பது அதனால்தான். நல்ல சத்தம் வேண்டுமென்றால் தட்டில் அதற்கு மேல் அதிகம் இடமில்லை.

நீளம் நம் ஊர்க்காரர்களுக்குப் பயமாக இருக்கக் கூடாது. மார்கழி மாதத்தில் கேன்டீன் காபியைக் குடித்துவிட்டு வந்து ராகம் தானம் பல்லவிக்கு ஒரு மணி நேரம் உட்காருகிறவர்கள் நாம். அங்கே நாம் காத்திருப்பது எதற்காக? கற்பனை ஸ்வரம் எங்கெங்கோ போய்விட்டுப் பல்லவியின் எடுப்பில் வந்து விழும் அந்த நொடிக்காக. ப்ராக் ஆல்பங்களை நான் எடை போடுவதும் அதே தராசில்தான். தொடக்கத்தில் ஒரு மெட்டைக் கொடுக்கிறார்கள், பிறகு அதைத் தொலைக்கிறார்கள், கடைசியில் திரும்பக் கொண்டுவருகிறார்கள். அது திரும்பி வரும்போது முதலில் கேட்ட அதே மெட்டு வேறொன்றாகக் கேட்கிறதா? கேட்டால் நல்ல ஆல்பம். இல்லையென்றால் வித்தை காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்த வகையில் வித்தை காட்டும் ஆல்பங்களுக்குப் பஞ்சமே இல்லை.

சரி, ஆல்பங்களுக்கு வருகிறேன்.

கிங் கிரிம்சனின் 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்', அக்டோபர் 1969. ப்ராக் இதில்தான் பிறந்தது என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஆனால் அதற்கு முன்னால் அங்கங்கே சிதறிக் கிடந்ததெல்லாம் இதில்தான் ஒன்றாகச் சேர்ந்தது. அந்த வருஷம் ஜூலை 5ஆம் தேதி லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவசக் கச்சேரியில், லட்சக்கணக்கானவர்கள் முன்னால் இந்தக் குழுவும் வாசித்தது. அப்போது அவர்கள் மேடையேறி மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அட்டைப்படத்தில் வாய் பிளந்து அலறும் அந்தச் சிவப்பு முகத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். வரைந்தவர் பேரி காட்பர், கணினி புரோகிராமர். ஆல்பம் வந்த சில மாதங்களில், 24 வயதில், மாரடைப்பில் இறந்துபோனார்.

முதல் பாட்டு '21ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்ஸாய்ட் மேன்' இன்றைக்கும் மிரட்டும். பாடகர் கிரெக் லேக்கின் குரலைக் கரகரவென்று சிதைத்து வைத்திருக்கிறார்கள். நடுவில் கிட்டார், சாக்ஸஃபோன், டிரம்ஸ் மூன்றும் ஒன்றாக ஓடி, ஒன்றாக நின்று, மறுபடி ஒன்றாக ஓடும் ஒரு பகுதி இருக்கிறது. தனி ஆவர்த்தனத்தில் இரண்டு பேர் கோர்வையைச் சேர்ந்து வாசிக்கும்போது வரும் அதே பதற்றம். இதற்கு நேர் எதிர் 'எபிடாஃப்', ஆல்பத்தின் பெயரையே கொண்ட கடைசிப் பாட்டு இரண்டும். அவற்றின் பின்னால் ஒரு பெரிய வயலின் கூட்டம் வாசிப்பதுபோல் கேட்கும். உண்மையில் அங்கே ஒரு வயலின்கூட இல்லை. அதுதான் மெலட்ரான்.

இந்த வாத்தியத்தைப் பற்றி நாலு வரி சொல்லாமல் ப்ராக்கைப் பேச முடியாது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் செய்தார்கள். பார்க்கப் பழைய ஹார்மோனியத்தைப் பீரோவுக்குள் வைத்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டுக் காந்த நாடா; அதில் உண்மையான வயலின்காரர்களோ புல்லாங்குழல்காரரோ அந்த ஒரு ஸ்வரத்தை வாசித்துப் பதிந்தது இருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், எட்டு நொடியில் முடிந்துவிடும். விரலை எடுத்தால் ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். எட்டு நொடிக்கு மேல் ஒரு ஸ்வரத்தைப் பிடிக்க வழியில்லை. மோட்டார் தடுமாறினால் சுருதி ஆடும், மேடையில் வைத்தால் தினம் ஒரு கோளாறு. ஆனால் அந்த நடுக்கம்தான் அதன் அழகு. பீட்டில்ஸின் 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' தொடக்கத்தில் வரும் புல்லாங்குழல் இதுதான். அதே பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு ராஜ்ஜியம் இடிந்து விழும் சத்தத்தை எழுப்ப முடியும் என்று காட்டியவர் கிரிம்சனின் இயன் மெக்டொனால்ட். இந்த ஆல்பத்தில் 'மூன்சைல்ட்' மட்டும் முதல் இரண்டரை நிமிடத்துக்குப் பிறகு டிங் டிங் என்று எங்கோ அலையும். தாண்டிப் போய்விடுங்கள், பாவம் வராது.

அடுத்து யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்', 1972. எல்லா வகையிலும் முழுமையான ஒரே ப்ராக் ஆல்பத்தைக் காட்டு என்று கழுத்தில் கத்தி வைத்தால் இதைத்தான் காட்டுவேன். மொத்தம் மூன்றே பாட்டு. முதல் பக்கம் முழுக்க ஆல்பத்தின் பெயர் கொண்ட பாட்டு, பத்தொன்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா' நாவலைப் படித்த பாதிப்பில் பாடகர் ஜான் ஆண்டர்சன் எழுதியது. ஆற்றங்கரையில் நின்று கேட்பவனின் கதையல்லவா அது? பாட்டும் ஓடும் நீர், பறவைச் சத்தம் என்றுதான் தொடங்குகிறது. ஒரு நிமிடம் போல அந்த அமைதி. திடீரென்று ஸ்டீவ் ஹோவின் கிட்டார் சட்டி பானையை உருட்டியதுபோல் உள்ளே வந்து விழும். முதல் தடவை கேட்கிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதீர்கள். அந்தக் கலவரத்துக்கு நடுவிலிருந்து ஒரு மெட்டு எழும், அதன்மேல் பாட்டு ஏறும், பாதிவழியில் எல்லாம் அடங்கி ஒரு குகைக்குள் நுழைந்த மாதிரி ஆகும். குரல்கள் மட்டும் மெதுவாக மேலே போகும். அங்கே கீபோர்டு வாசிக்கும் ரிக் வேக்மனின் பைப் ஆர்கன் வருகிறது. அது லண்டனில் செயின்ட் ஜைல்ஸ் கிரிப்பிள்கேட் தேவாலயத்து ஆர்கன். அங்கேயே போய்ப் பதிந்து வந்து ஒட்டினார்கள். அதற்குப் பிறகு முதலில் கேட்ட பாட்டு திரும்பும்போது நான் சொன்ன அந்தத் தராசு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது.

ஒட்டினார்கள் என்றேன் அல்லவா? இந்தப் பாட்டை யாரும் முழுசாக ஒருமுறை வாசித்துப் பதியவில்லை. அட்விஷன் ஸ்டூடியோவில் தினம் ஒரு துண்டாக வாசிப்பார்கள். பொறியாளர் எடி ஆஃபர்ட் நாடாவைப் பிளேடால் வெட்டி முந்தின நாள் துண்டோடு சேர்ப்பார். ஒருநாள் நல்லதாக வந்த ஒரு துண்டைக் காணவில்லை. துப்புரவு செய்தவர் குப்பை என்று வெளியே போட்டுவிட்டார், எல்லோரும் போய்க் குப்பைத் தொட்டியைக் கிளறி எடுத்தோம் என்று அந்தக் குழுவினர் சொல்லியிருக்கிறார்கள். இந்த வேலை முடிந்த கையோடு டிரம்மர் பில் புரூஃபர்ட் விலகிக் கிங் கிரிம்சனுக்குப் போய்விட்டார். குழு உச்சியில் இருக்கும்போது இப்படி யாராவது போவார்களா என்று ரசிகர்கள் இன்றும் கேட்பதுண்டு. இதற்கு மேல் இவர்களோடு செய்ய ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். ஆல்பத்தைக் கேட்டால் எனக்கு அந்த முடிவு புரிகிறது.

அவர் போனது நல்லதாகவும் போயிற்று, ஏனென்றால் அடுத்த வருஷம் வந்தது 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்'. இரண்டு தட்டு, நாலு பக்கம், நாலு பாட்டு, 80 நிமிடம். பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதை' நூலில், சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று சாஸ்திரங்களின் வகையைச் சொல்லும் ஓர் அடிக்குறிப்பை ஜான் ஆண்டர்சன் படித்திருக்கிறார். வகைக்கு ஒரு பக்கம் என்று எழுதிவிட்டார். கவனியுங்கள், நூலிலிருந்து அல்ல, அடிக்குறிப்பிலிருந்து! நம்மவர்கள் கேட்டால் சிரிப்பும் வரும், கொஞ்சம் பெருமையும் வரும். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் எனக்குப் பிடிக்கும். நடுவில் நிறைய தண்ணீர். வேக்மனுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மான்செஸ்டரில் இதை மேடையில் வாசித்துக்கொண்டிருந்தபோது, தனக்கு வேலை இல்லாத இடங்களில் கீபோர்டுமேல் வைத்து இந்தியக் கறியும் சோறும் சாப்பிட்டதை அவரே பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். 1974இல் விலகிவிட்டார். சாஸ்திரத்தைப் பாடும் மேடையில் கறி வாசனை அடித்த ஒரே கச்சேரி அதுவாகத்தான் இருக்கும்.

கேசட்டின் ஏ பக்கத்துக்கு வருவோம். ஜெத்ரோ டல் 1971இல் 'அக்வாலங்' வெளியிட்டபோது விமர்சகர்கள் அதை 'கான்செப்ட் ஆல்பம்', அதாவது ஒரே கருவைச் சுற்றிக் கட்டிய ஆல்பம் என்றார்கள். இல்லை, அது தனித்தனிப் பாட்டுகள் என்று குழுவின் பாடகர் இயன் ஆண்டர்சன் சொல்லிப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. அப்படியா, உங்களுக்குக் கான்செப்ட்தானே வேண்டும் என்று 1972இல் கேலியாகச் செய்ததுதான் 'திக் ஆஸ் எ பிரிக்'. ஜெரால்ட் பாஸ்டாக் என்ற எட்டு வயதுச் சிறுவன் எழுதிய கவிதைக்குக் குழு இசையமைத்ததாக ஒரு கட்டுக்கதை. ஆல்பத்தின் உறையே 12 பக்க உள்ளூர் நாளிதழ். அதில் வட்டாரச் செய்தி, விளம்பரம், குறுக்கெழுத்து எல்லாம் உண்டு. இசையைவிட நாளிதழைத் தயாரிக்கத்தான் அதிக நேரம் ஆனது என்பார் ஆண்டர்சன். பாஸ்டாக் நிஜப் பையன் என்று நம்பியவர்கள் ஏராளம். வேடிக்கை என்னவென்றால், கேலிக்காகச் செய்த இந்த ஒற்றைப் பாட்டு ஆல்பம் அமெரிக்காவில் விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்குப் போனது. எனக்கும் கேலி கீலி ஒன்றும் தெரியாது, கேசட்டுக்கு ஏது உறை? வெறும் காதால் கேட்டு மயங்கினவன் நான். ஒரு நாட்டுப்பாடல் மாதிரி கிட்டாரில் சாதுவாகத் தொடங்கி, ஊரெல்லாம் சுற்றி, அதே கிட்டாருக்கும் அதே வரிக்கும் வந்து முடியும்.

ஆண்டர்சனின் புல்லாங்குழலைப் பற்றி ஒன்று. கிட்டார் மேதை எரிக் கிளாப்டன் மாதிரி வாசிக்கத் தன்னால் ஆகாது என்று தெரிந்ததும் கையிலிருந்த கிட்டாரைக் கொடுத்துவிட்டுப் புல்லாங்குழல் வாங்கியவர் அவர். ஆசிரியர் கிடையாது. வாயால் முனகிக்கொண்டே ஊதும் அந்தக் கரடுமுரடான முறையை, பார்வையற்ற ஜாஸ் கலைஞர் ரோலண்ட் கிர்க்கிடமிருந்து எடுத்துக்கொண்டார். இருபது வருஷத்துக்கும் மேல் உலகம் சுற்றி வாசித்த பிறகு, 90களின் தொடக்கத்தில் அவருடைய மகள் பள்ளியில் புல்லாங்குழல் கற்கத் தொடங்கியபோதுதான், தன் விரல் பிடிப்பில் பல தவறு என்று தெரிந்து முதலிலிருந்து கற்றுக்கொண்டார்.

அதே கிர்க் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சாக்ஸஃபோன் ஊதுவார். அதைப் பிடித்துக்கொண்டவர் வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் குழுவின் டேவிட் ஜாக்சன். கழுத்தில் இரண்டைத் தொங்கவிட்டு ஒன்றாக ஊதுவார். இந்தக் குழுவில் கிட்டார் ஏறக்குறைய இல்லை. பேஸ் வாசிக்க ஆளும் இல்லை. ஆர்கன் வாசிக்கும் ஹியூ பேண்டன் காலால் பெடலை மிதித்துச் சமாளிப்பார். நடுவில் பீட்டர் ஹாமிலின் குரல், முணுமுணுப்பும் கதறலுமாக. 'பான் ஹார்ட்ஸ்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரு கலங்கரை விளக்கக் காவலாளியின் குற்ற உணர்வு. சொந்த ஊரில் அதிகம் விலைபோகாத இந்த ஆல்பம் இத்தாலியில் முதலிடம் பிடித்தது. ஆனால் உங்களுக்கு நான் சொல்வது 1975இல் வந்த 'காட்பிளஃப்'. நாலே பாட்டு. கிசுகிசுப்பில் தொடங்கும், எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல மாட்டேன். இரவு வேண்டாம், பகலில் கேளுங்கள். 'ஐ ஹேட் பிங்க் ஃப்ளாய்ட்' என்று சட்டையில் எழுதிப்போட்டு அலைந்தவர், பங்க் என்ற எளிய, முரட்டு ராக் வாசித்த செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் பாடகர் ஜானி ராட்டன், 1977இல் வானொலியில் தனக்குப் பிடித்ததைப் போடச் சொன்னபோது ஹாமிலைப் போட்டார். பங்க் வந்து ப்ராக்கைக் கொன்றது என்று ஒரே வரியில் முடிப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பிங்க் ஃப்ளாய்டை நீங்கள் கேட்டிருப்பதால் அதிகம் பேசவில்லை. 'மணி' பாட்டில் மட்டும் கையால் தாளம் போட்டுப் பாருங்கள். ஏழு எண்ணிக்கையில் போகும். சாக்ஸஃபோன் தனி வாசிப்பும் ஏழில்தான். கிட்டார் வந்ததும் நாலுக்கு மாறிவிடும், அந்த இடத்தில் ஒரு விடுதலை தெரியும். அவர்களுடையதில் நீங்கள் விட்டிருக்க வாய்ப்புள்ளது 'அனிமல்ஸ்', 1977. அட்டைப்படத்துக்காக லண்டன் பேட்டர்சீ மின்நிலையத்தின் மேல் பெரிய பன்றிப் பலூனைக் கட்டினார்கள். அது 1976 டிசம்பரில் கயிற்றை அறுத்துக்கொண்டு பறந்து ஹீத்ரோ விமானங்களுக்கே இடைஞ்சல் செய்து, கென்ட்டில் ஒரு பண்ணையில் போய் இறங்கியது. பாட்டுகள் அட்டைப்படத்தைவிடக் கசப்பானவை.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். எமர்சன், லேக் அண்ட் பால்மர் என்ற குழு எனக்கு ஒத்துவரவில்லை. கீத் எமர்சனின் கையில் இருந்த திறமை எல்லாக் குழுக்களிலும் பெரியது. அதைக் காட்டாமல் அவரால் ஒரு நிமிடம் இருக்க முடியவில்லை. ஹாமண்ட் ஆர்கனில் கத்தியைக் குத்தி வாசித்தவர் அல்லவா! 'டார்கஸ்' மட்டும் விதிவிலக்கு. ஜென்டில் ஜயன்ட் குழுவின் 'ஆக்டபஸ்' மூளைக்கு நல்ல தீனி. நாலு குரல் ஒன்றையொன்று துரத்தும் 'நாட்ஸ்' பாட்டைக் கேட்டால் வாய்பிளப்பீர்கள். ஆனால் தினம் சாப்பிட முடியாது. காரவான் குழுவின் 'இன் த லேண்ட் ஆஃப் க்ரே அண்ட் பிங்க்', 1971, மழைநாள் மதியத்துக்கு. கேமல் குழுவின் 'த ஸ்னோ கூஸ்' பாட்டு வரியே இல்லாத முழு ஆல்பம். வேலை செய்துகொண்டே கேட்கலாம், இந்தப் பட்டியலில் அப்படிக் கேட்கக்கூடியது அது ஒன்றுதான். இத்தாலியில் பிஎஃப்எம் குழுவின் 'ஸ்டோரியா டி உன் மினுட்டோ', 1972. அதில் 'இம்ப்ரெஸியோனி டி செட்டெம்ப்ரே' என்ற பாட்டில் பல்லவி வர வேண்டிய இடத்தில் வார்த்தையே இல்லை, மூக் சின்தசைசர் என்ற மின்னணுக் கீபோர்டு மட்டும் பாடும். மொழி தெரியாத நமக்கு அதைவிட என்ன வேண்டும்? கனடாவின் ரஷ், முந்தைய ஆல்பம் ஓடாததால் சின்னப் பாட்டாகப் போடச் சொன்ன நிறுவனத்துக்குப் பதிலாக 1976இல் '2112' என்று இருபது நிமிடப் பாட்டைக் கொடுத்தார்கள். அந்தப் பிடிவாதத்துக்காகவே கேட்கலாம்.

ராபர்ட் வயட்டின் 'ராக் பாட்டம்' இந்த வரிசையில் சேருமா என்று தெரிந்தவர்கள் முகம் சுளிக்கலாம். நான் சேர்ப்பேன். சாஃப்ட் மெஷின் குழுவின் டிரம்மராக இருந்தவர். 1973 ஜூனில் ஒரு விருந்தில் ஜன்னலிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. இனி டிரம்ஸ் இல்லை. அடுத்த வருஷமே சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு, பிங்க் ஃப்ளாய்டின் நிக் மேசன் தயாரிப்பில் இந்த ஆல்பத்தைக் கொண்டுவந்தார். முதல் பாட்டு 'ஸீ சாங்'. பாடிப்பாடி வார்த்தை தீர்ந்தபின் குரல் மட்டும் மேலே மேலே போகும். அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை, கேளுங்கள்.

கிங் கிரிம்சனிடம் திரும்பப் போகிறேன், அவர்களின் 'ரெட்' 1974. அதற்குள் கிட்டார் வாசிக்கும் ராபர்ட் ஃப்ரிப்பைத் தவிர பழையவர் யாரும் இல்லை. யெஸ்ஸை விட்டு வந்த புரூஃபர்ட் டிரம்ஸ், ஜான் வெட்டன் பேஸும் குரலும். ஆல்பம் வெளியாகும் முன்பே குழுவைக் கலைத்துவிட்டதாக ஃப்ரிப் அறிவித்துவிட்டார். கடைசிப் பாட்டு 'ஸ்டார்லெஸ்', 12 நிமிடம். மெலட்ரான்மேல் கிட்டார் ஒரு சோகமான மெட்டைப் போடும், வெட்டன் பாடுவார், நாலரை நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும். பிறகு பதின்மூன்று எண்ணிக்கையில் பேஸ் ஒரு சின்னச் சுழலைத் தொடங்கும். ஃப்ரிப் அதன்மேல் ஒரே ஸ்வரத்தைத் தட்டிக்கொண்டே இருப்பார். வெறும் ஒரே ஸ்வரம். கொஞ்ச நேரம் கழித்து ஒரு படி மேலே, மறுபடி தட்டல். புரூஃபர்ட் ஆரம்பத்தில் மரக்கட்டையில் 'டொக், டொக்' என்பார், மெல்ல மெல்ல இடியாகும். கிட்டத்தட்ட ஐந்து நிமிடம் இப்படி இழுத்து, தாங்க முடியாமல் உடைந்து, சாக்ஸஃபோன் ஓடி, அப்புறம் அந்த முதல் மெட்டு திரும்பும். அதில் சாக்ஸஃபோன் வாசிக்கும் இருவரில் ஒருவர் இயன் மெக்டொனால்ட், 1969இல் மெலட்ரான் வாசித்த அதே ஆள். முதல் ஆல்பத்தோடு போனவர், முடிவுக்கு வந்து சேர்ந்தார்.

கேட்கும் முறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும், அவர்கள் பிரித்துக் கொடுத்ததும் அப்படித்தானே. பிடிக்காவிட்டாலும் மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை வழி தெரியாது, மூன்றாவது தடவையில் எந்த மெட்டு திரும்ப வருகிறது என்று காது பிடித்துவிடும். இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் மறுகலவை (ரீமிக்ஸ்) செய்த பதிப்புகள் கிரிம்சன், யெஸ், டல் மூன்றுக்கும் இருக்கின்றன. வாத்தியங்கள் பிரிந்து தெளிவாகக் கேட்கும், ஹெட்ஃபோனுக்கு அதுவே நல்லது. வரிசை கேட்டால், ஃப்ளாய்டிலிருந்து வருகிறவருக்கு முதலில் 'ஸ்னோ கூஸ்', பிறகு 'கோர்ட்', பிறகு 'திக் ஆஸ் எ பிரிக்', அதன் பிறகு 'க்ளோஸ் டு தி எட்ஜ்'. 'ரெட்', 'காட்பிளஃப்' இரண்டும் ஒரு மாதம் கழித்து.

'செல்லிங் இங்கிலாந்து பை த பவுண்ட்', 1973, இந்த வரிசையில் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அது எனக்கு ஆல்பமாகவே வரவில்லை, முக்கால் ஆல்பமாக வந்தது. ஜெனசிஸின் பாடகர் பீட்டர் கேப்ரியல் எந்த வாத்தியமும் இல்லாமல், என் நாடு எங்கே போயிற்று என்று தனிக்குரலில் கேட்டுத் தொடங்குகிறார். பழைய இங்கிலாந்து கடைச்சரக்காகிவிட்டது என்ற புலம்பல், பாதி சோகம், பாதி கிண்டல். 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' என்ற பாட்டின் பெயரே சிலேடை: ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்தை நான்காவது என்று காதில் வாங்கி ஐந்தாவதாக்கியிருக்கிறார்கள். டோனி பேங்க்ஸின் பியானோ தொடக்கம், நடுவில் புல்லாங்குழலில் ஒரு மெட்டு, அதே மெட்டைப் பிறகு ஸ்டீவ் ஹேக்கட்டின் கிட்டார் நீட்டி நீட்டி எடுத்துக்கொள்ளும் மூன்று நிமிடம். விடுதியில் அந்தக் கேசட்டில் தேய்ந்தது அந்த இடம்தான். 'பேட்டில் ஆஃப் எப்பிங் ஃபாரஸ்ட்' மட்டும் வார்த்தை மூட்டை, இசைக்கு மூச்சுவிட இடமில்லை. கேசட் அதைச் சாப்பிட்டிருக்கலாம், சாப்பிடவில்லை.

1999இல் முதல் சம்பளத்தில் அந்தச் சிடியை வாங்கினேன். வாடகை அறை, ஞாயிறு மதியம். 'சினிமா ஷோ' வந்தது. நாலு நிமிடம் ஆனதும் என் கை தானாகப் பிளேயர் பக்கம் போயிற்று, 'டக்' வரப்போகிறதே என்று. வரவில்லை. குரல்கள் ஓய்ந்தன. ஆறாவது நிமிடத்தை ஒட்டி டிரம்ஸும் கிட்டாரும் ஏழு எண்ணிக்கையில் ஓடத் தொடங்கின, மிஸ்ர சாபுவில் பழகின கை தொடையில் தானாகத் தட்டியது. மேலே பேங்க்ஸின் கீபோர்டு, நாலு நிமிடத்துக்கும் மேல், ஒன்று முடிய ஒன்று பூத்துக்கொண்டே போயிற்று. ஆறு வருஷமாகக் காதல் பாட்டு என்று நான் நினைத்தது அதன் வாசல்படி மட்டும்தான். அது நிற்காமல் அப்படியே அடுத்த பாட்டுக்குள் கரைந்தது. இப்படி ஒரு பாட்டு உண்டு என்றே எனக்குத் தெரியாது, கேசட் அட்டையில்கூட அண்ணன் எழுதவில்லை. 'ஐல் ஆஃப் ப்ளென்டி', ஒன்றரை நிமிடம். முதல் பாட்டில் நாட்டைத் தேடிய அதே மெட்டு, ஆனால் இப்போது சூப்பர் மார்க்கெட் ஒன்றின் அலமாரி வரிசையில் ஒரு கிழவி நிற்கிறாள். டெஸ்கோ, சேஃப்வே என்று கடைப் பெயர்களை வார்த்தைகளுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். மெட்டு தேய்ந்து மறைய மறைய, பின்னால் குரல்கள் மாட்டிறைச்சியில் தொடங்கி இன்றைய தள்ளுபடி விலைகளை ஒவ்வொன்றாகப் பாடிக்கொண்டிருந்தன.